பாலத்துக்கு அந்தப் பக்கம் போன ஃபர்ஸி

ஃபர்ஸி லாவெல் பந்துக்காக எம்பும்போது, ஆடிக்கொண்டிருப்பவர்களே ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். நானும் நின்று பார்த்து அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். கேலிக் கால்பந்து என்று அழைக்கப்படும் எங்கள் அயர்லாந்து ஆட்டத்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம், உதைக்கலாம், குத்தி அனுப்பலாம். ஆனால் நான்கு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு மேலே ஏறி, இறங்கி வரும் பந்தை எடுத்துக்கொண்டு வருவது எல்லோருக்கும் கைவராது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ரொட்டியை எடுப்பதுபோல ஃபர்ஸி அதைச் செய்வான். அவன் நடுக்களத்தில், நான் அவனுக்குப் பின்னால் வலது பக்கத் தடுப்பில். பத்து வருடம் அவன் முதுகைப் பார்த்தபடியே நான் ஆடினேன். இன்றும் அவன் முகத்தை நினைக்கச் சொன்னால் முதலில் முதுகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. மழையில் நனைந்து ஒட்டிப்போன பச்சைச் சட்டையும் அதில் எட்டாம் எண்ணும்.

எழுபத்தொன்றில் மாவட்ட இறுதி ஆட்டம். ஸ்கோர் சமம், நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எல்லைக்கோட்டை ஒட்டி ஃபர்ஸி ஒரு பந்தைப் பிடித்தான், திரும்பினான், நாற்பது கெஜத்திலிருந்து உதைத்தான். பந்து குறுக்குக் கட்டைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனது. ஒரே ஒரு பாயிண்ட். எங்கள் ஊரான கில்மோரன் பங்குக்கு இருபத்தாறு வருடம் கழித்துக் கோப்பை வந்தது. மறுநாள் காலை பால் சொசைட்டி லாரியை ஓட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்குப் போனேன். அவனும் அவன் அண்ணன் கோல்மனும் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்டத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்தாயிரம் பேர் பெயர் சொல்லிக் கத்துவார்கள், திங்கட்கிழமை மாடு பால் கறக்கச் சொல்லிக் கத்தும்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அவன் மாவட்ட அணியின் சட்டையையும் போட்டான். டப்ளின் பத்திரிகைகளில் படம் வந்தது. அவன் அம்மா அவற்றை வெட்டி, இயேசுவின் திருவிருதயப் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள். பூசைக்கு வந்த பங்குத் தந்தையே அதைப் பார்த்துவிட்டு, "கீழதானே ஒட்டியிருக்க, சரி" என்றாராம்.

எழுபத்தொன்பது பிப்ரவரியில், ஒன்றுக்கும் உதவாத ஒரு நட்பு ஆட்டத்தில் அவன் முட்டி போயிற்று. எம்பினான், பிடித்தான், இறங்கும்போது கால் சேற்றில் புதைந்தது, உடம்பு மட்டும் திரும்பியது. அந்தச் சத்தத்தை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். ஈரமான விறகை முறிப்பதுபோல இருந்தது. அவன் கத்தவில்லை. பந்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ ஆடு" என்றான். அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்பது.

அடுத்த மூன்று வருடம் எல்லா ஆட்டத்துக்கும் வந்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் தனியாக நிற்பான். ஊன்றுகோல் போய், கைத்தடி வந்து, பிறகு அதுவும் போயிற்று. ஆட்டம் முடிந்ததும் அவன் சொல்வதைக் கேட்டால் நாங்கள் ஆடியதும் அவன் பார்த்ததும் வேறு ஆட்டமோ என்று தோன்றும். யார் எந்த நிமிடத்தில் களைத்தான், எதிராளி எந்தக் காலை நம்புகிறான், காற்று மாறியதை எங்கள் கோல்காப்பாளன் எப்போது கவனிக்காமல் விட்டான், எல்லாம் சொல்வான். ஊரில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்துவிட்டது. இவன் மேனேஜர் ஆக வேண்டியவன்.

எண்பத்திரண்டு ஜனவரியில் கிளப்பின் ஆண்டுக் கூட்டம். பூசை முடிந்து பள்ளிக்கூடத்தில் நடந்தது. பதினொரு வருடமாக மேனேஜராக இருந்த மாஸ்டர் கீவனி, எங்கள் எல்லோருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், மறுபடியும் நின்றார். அவரை எதிர்த்து ஃபர்ஸி நின்றான். ஃபர்ஸி ஆட்டத்தைப் போலவே ஓட்டையும் முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தான். வரப்போவது நாற்பத்து மூன்று பேர். ஓட்டுப் போடுவதாக இருபத்திரண்டு பேர் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் நானும் ஒருவன்.

ஆனால் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால், மாட்டுச் சந்தையில், அவன் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தான். அவனுக்கு மறைக்கத் தெரியாது, அது அவனுடைய நல்ல குணம் என்றே எல்லோரும் சொல்வார்கள்.

"மாலக்கி, நான் வந்தா உன்ன வெளிய உக்கார வெப்பேன். வருத்தப்படாத. உனக்கு இடது கால் எப்பவுமே கெடையாது, இப்போ வலதும் போயிட்டிருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இன்னும் இரண்டு வருடம் அந்தச் சட்டையைப் போட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பள்ளிக்கூடத்துச் சின்ன பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, சீட்டில் மாஸ்டர் கீவனியின் பெயரை எழுதி நான்காக மடித்துப் போட்டேன்.

மாஸ்டருக்கு இருபத்திரண்டு, ஃபர்ஸிக்கு இருபத்தொன்று.

ஃபர்ஸி மாஸ்டரின் கையைக் குலுக்கினான். பிறகு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். அவன் பார்வை கோல்மனிடம் போய் நின்றது. அண்ணன் தம்பிக்குள் அப்பா விட்டுப்போன ஆற்றோர வயலைப் பற்றி அந்த டிசம்பரில் ஒரு மனத்தாங்கல் இருந்தது, ஊருக்கே தெரியும். கோல்மன் தலையைக் குனிந்துகொண்டான். தம்பி தோற்றதைப் பார்க்க முடியாமல் குனிந்தான் என்று எனக்குத் தெரியும். ஃபர்ஸி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நான் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் மாதம் ட்ரம்பேன்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள்.

ட்ரம்பேன் ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பங்கு. எங்கள் ஆட்களுக்கு அவர்களோடு பெண் கொடுத்து எடுப்பதில்கூட ஆட்சேபம் கிடையாது, ஆட்டத்தில் மட்டும் ஜென்மப் பகை. அவர்கள் கோப்பையைத் தொட்டது இருபத்தொன்பதாம் வருடம். அதைப் பார்த்த மூன்று கிழவர்களை விட்டால் வேறு சாட்சி இல்லை என்று எங்கள் பையன்கள் கேலி செய்வார்கள். அந்த ட்ரம்பேனுக்கு ஃபர்ஸி மேனேஜராகப் போகிறான் என்ற செய்தி ஒரு ஞாயிறு பூசையில் நற்கருணை வரிசையிலேயே பரவிவிட்டது. திரும்பி வரும்போது பாதிப் பேர் அவன் உட்கார்ந்திருந்த வரிசையைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள்.

யாரோ அவன் வீட்டு வாசல் கேட் முழுக்க ட்ரம்பேன் அணியின் மஞ்சளை அடித்துவிட்டுப் போனார்கள். பால் எடுக்கப் போன நான் அதைப் பார்த்து லாரியை நிறுத்தி இறங்கினேன். ஃபர்ஸி கேட்டைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல பெயிண்ட்டு. என் காசா இருந்தா ரெண்டு கோட் அடிச்சிருக்க மாட்டேன்."

அவன் அதை மாற்றவே இல்லை. ஆனால் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அது எனக்கு அந்த வருடம் புல் அறுப்பு வரும்வரை தெரியவில்லை. லாவெல் சகோதரர்கள் எப்போதும் ஒன்றாகத்தான் புல் சேர்ப்பார்கள். அந்தக் கோடையில் லாரியின் உயரத்திலிருந்து பார்த்தால், வேலிப் புதருக்கு இந்தப் பக்கம் ஒருவன் கவைக்கோலோடு தனியாக, அந்தப் பக்கம் இன்னொருவன் தனியாக. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருவன் நிமிர்ந்தால் மற்றவன் குனிந்துகொண்டான். பாதிப் புல் நனைந்து கெட்டது.

என் மனைவி அட்ராக்டாவுக்கு விஷயம் முழுசாகத் தெரிய இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. கோல்மனின் மனைவி அவளிடம் சொல்லி அழுதாளாம், சொந்த அண்ணனே தனக்கு எதிராக ஓட்டுப் போட்டதாக ஃபர்ஸி நினைக்கிறான் என்று. அட்ராக்டா சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு போட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நான் உரித்துப்போட்ட தோலைப் பார்த்தாள். நான் உரித்த கிழங்கு என் தட்டிலேயே ஆறிப்போயிற்று.

நான் ஆசைப்பட்ட இரண்டு வருடமும் எனக்குக் கிடைத்தது. மாஸ்டர் கீவனி என்னை உட்கார வைக்கவில்லை. எண்பத்துநான்கில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டோம். எதிரே ட்ரம்பேன்.

அந்த இரண்டு வருடத்தில் ஃபர்ஸி அவர்களை என்ன செய்தான் என்பது கதை கதையாக வந்துகொண்டிருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க இடது காலால் மட்டும் உதைக்க வைத்தானாம். பயிற்சிக்கு வராதவனின் வீட்டுக்கே போய் அவனுடைய மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, "இப்ப வேலை முடிஞ்சுது, வா" என்று கூட்டிக்கொண்டு போவானாம். திட்டவே மாட்டானாம். இதைச் சொன்ன ட்ரம்பேன்காரன் குரலில் பயமும் பாசமும் கலந்திருந்தது. எங்கள் பையன்கள் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பயிற்சிக்கு நானும் போயிருக்கலாமே என்றிருந்தது.

இறுதி ஆட்டம் அக்டோபர் ஞாயிறு. மைதானம் முழுக்க பச்சையும் மஞ்சளும். ஒரே மழை. முதல் பாதியில் நாங்கள் மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதி தொடங்கியதும் எல்லைக்கோட்டில் நின்ற ஃபர்ஸி ஒரே ஒரு மாற்றம் செய்தான். ப்ரெஸ்லின் என்று ஒரு குள்ளமான ஆட்டக்காரன், வீடுவீடாக ரொட்டி வண்டி ஓட்டுபவன், அதுவரை அந்தப் பக்கம் ஆடியவன். அவனை என் பக்கம் அனுப்பினான்.

முதல் பந்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ப்ரெஸ்லின் என் இடது தோளை நோக்கியே ஓடி வந்தான். நான் வலப்பக்கம் திரும்பித்தான் காப்பேன், இடப்பக்கம் திரும்ப எனக்கு அரை நொடி கூடுதலாகத் தேவைப்படும். பதினைந்து வருடத்தில் எந்த எதிராளியும் அதைக் கண்டுபிடித்ததில்லை. அதைத் தெரிந்தவன் ஒருவன்தான் உண்டு. அவன் கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு மழையில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ப்ரெஸ்லின் என்னைத் தாண்டி நான்கு பாயிண்ட் போட்டான். கடைசியாகப் போட்டது வெற்றிப் பாயிண்ட்.

விசில் ஊதியதும் மஞ்சள் கூட்டம் வேலியைத் தாண்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. நான் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு கூட்டத்துக்குள்ளே நொண்டிக்கொண்டே ஃபர்ஸி என்னிடம்தான் முதலில் வந்தான். கை கொடுத்துத் தூக்கினான்.

"நீ நல்லாத்தான் ஆடின, மாலக்கி. மனசுல வெச்சுக்காத. எனக்குத் தெரிஞ்சத நான் செய்யாம இருக்க முடியாது."

அவன் தன் தந்திரத்துக்காக என்னிடம் வருத்தப்படுகிறான். அதைத் தாங்க முடியவில்லை எனக்கு. அவன் கையை விடாமலே சொன்னேன்.

"அந்த ஓட்டு நான் போட்டது."

"எந்த ஓட்டு?"

"பள்ளிக்கூடத்துல. மாஸ்டருக்கு. நான்தான். கோல்மன் இல்ல."

யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். யாரோ அவன் தலையில் மஞ்சள் தொப்பியை வைத்தார்கள். அவன் அசையவில்லை. மழைநீர் அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் என் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டான், திரும்பி நடந்தான்.

ஒலிபெருக்கியில் கோப்பை வாங்க ட்ரம்பேன் தலைவனைக் கூப்பிட்டார்கள். தலைவன் மேனேஜரைத் தேடினான். ஐம்பத்தைந்து வருடம் காத்திருந்த கூட்டம் ஃபர்ஸி, ஃபர்ஸி என்று கூவியது. அவன் அங்கே இல்லை. கூட்டத்திலிருந்து விலகி நான் ஏறி நின்ற மேட்டிலிருந்து மதிலுக்கு அப்பால் கார்கள் நிறுத்தியிருந்த வயல் தெரிந்தது. கோல்மன் தனியாகத்தான் ஆட்டம் பார்க்க வந்திருந்தான், பச்சையும் அணியாமல் மஞ்சளும் அணியாமல். காரைக் கிளப்பப் போனவன் தம்பி நொண்டி வருவதைப் பார்த்து இறங்கி நின்றான். இரண்டு பேருக்கும் நடுவே கார் கதவு திறந்திருந்தது. அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. வெகுநாள் கழித்துக் கோல்மனே சொன்னான்.

"ஏன்டா சொல்லலன்னு கேட்டான். நீ கேட்டியாடான்னு கேட்டேன். அவ்வளவுதான் பேசினோம்."

நான் பார்த்தது இதுதான். கோல்மன் டிக்கியைத் திறந்து ஃபிளாஸ்க்கை எடுத்தான், மூடியில் தேநீர் ஊற்றித் தம்பியிடம் நீட்டினான். ஃபர்ஸி பாதி குடித்துவிட்டு அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தான். மைதானத்தில் கோப்பை கைமாறிக்கொண்டிருந்தது.

அட்ராக்டாவிடம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவள், தனக்கு ஒரு வருடமாகத் தெரியும் என்றாள். நான் பொய் சொல்லும்போது கிழங்குத் தோலைத் தடிமனாக உரிப்பேனாம்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் ஃபர்ஸி என்னோடு பேசவில்லை. தினமும் காலையில் பால் கேன்களை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, லாரிச் சத்தம் கேட்பதற்குள் உள்ளே போய்விடுவான். கேன்கள் எப்போதும் நன்றாகக் கழுவி, மூடி இறுக்கி இருக்கும். ஊரிலும் விஷயம் பரவிவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. மாஸ்டருக்கு ஓட்டுப் போட்ட மற்ற இருபத்தொரு பேரும் நல்லவர்களாகவே இருந்தார்கள், அவர்கள் ஃபர்ஸிக்கு வாக்குக் கொடுக்காமல் போட்டவர்கள். நான் அந்த இறுதி ஆட்டத்தோடு விளையாடுவதை நிறுத்திவிட்டேன். சட்டையை அட்ராக்டா துவைத்து, மடித்து, எங்கோ வைத்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

எண்பத்தேழில் மாஸ்டர் கீவனிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. அவரே மஞ்சள் கேட்டைத் திறந்துகொண்டு போய் ஃபர்ஸியிடம் கேட்டாராம், வந்து எங்கள் அணியை எடுத்துக்கொள் என்று. ஃபர்ஸி ட்ரம்பேன்காரர்களிடம் சொல்லி விடைபெற ஒரு வாரம் கேட்டான். பிறகு ஒரு நிபந்தனையும் சொன்னான். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளராகத் தன் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும், அவனைத் தானே தேர்ந்தெடுப்பதாக.

பால் சொசைட்டி முற்றத்தில் நான் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றான்.

"செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் பயிற்சி. வந்துடு."

"என்னையா? ஏன்டா?"

அவன் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தட்டினான். "நீ பொய் சொன்னா ரெண்டு வருஷத்துல உனக்கு வயிறு கலங்கிடுது. மத்தவனுங்க சாகற வரைக்கும் தாங்குவானுங்க. எனக்குப் பக்கத்துல நிக்கறவன் வயிறு கலங்கறவனா இருக்கணும்."

அவன் மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சொல் எங்கள் இருவருக்குள்ளும் ஒருநாளும் வரவில்லை. ஒரு கோபம் அவனிடம் மிச்சம் இருந்தது, அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியாது. சில சமயம் ஆட்டக்காரர்கள் முன்னாலேயே, "மாலக்கிய கேளுங்க, அவன் எனக்கு எதிரா ஓட்டுப் போடுவான்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், காது மட்டும் சூடாகும்.

ஆறு வருடம் ஒன்றாக நின்றோம். எண்பத்தொன்பதில் அரையிறுதியில் தோற்றோம். தொண்ணூறில் முதல் சுற்றிலேயே ட்ரம்பேன் எங்களை வெளியே அனுப்பியது. அவன் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் வைத்தே எங்களை அடித்தார்கள். தோற்றதும் அவர்கள் அறைக்குப் போய் ஒவ்வொருவன் கையையும் குலுக்கிவிட்டு வந்து, "இடது காலால எப்படி ஒதைக்கறானுங்க பாத்தியா" என்று என்னிடம் பெருமைப்பட்டான். தொண்ணூற்றிரண்டில் கோப்பையை வாங்கினோம், நகரத்து அணியை நான்கு பாயிண்டில் ஜெயித்து. கூட்டம் உள்ளே பாய்ந்தபோது அவன் ஓடவில்லை. கைகளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரன் செய்த ஒரு தவற்றைப் பற்றி என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொண்டே அழுதான். இரண்டையும் நிறுத்தவில்லை.

அடுத்த வருடம் விலகிக்கொண்டான். பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று, இனி மாடுகளைப் பார்க்கிறேன் என்றான்.

இப்போது எங்கள் இரண்டு பங்கிலும் சேர்த்து ஓர் அணிக்குத்தான் ஆள் இருக்கிறது. பாதிப் பையன்கள் சிட்னியில் கட்டட வேலை பார்க்கிறார்கள். மாஸ்டர் கீவனி போய்விட்டார், கோல்மன் போன வருடம் போனான். ப்ரெஸ்லினுக்கு நகரத்தில் சொந்தமாகப் பேக்கரி இருக்கிறது. ஃபர்ஸிக்கு முட்டியை மாற்றிவிட்டார்கள், முன்பைவிட வேகமாக நடக்கிறான்.

என்னிடம் யாராவது பழையதைக் கேட்டால் கோப்பையைப் பற்றித்தான் கேட்கிறார்கள், நானும் கோப்பையைப் பற்றித்தான் சொல்கிறேன். எனக்கே எனக்கென்று ஞாபகம் வருவது செவ்வாய்க்கிழமை சாயங்காலங்கள். சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண்ணை வெட்டிவிட்டு, கையில் கறுப்போடு ஒவ்வொருவராகச் சைக்கிளிலும் டிராக்டரிலும் வருவார்கள். அறையில் தைல வாசனை. வெளியே சாரல். ஃபர்ஸி விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே எல்லோர் பெயரையும் மெல்லிய குரலில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பான், யார் வரவில்லை என்று தெரிந்துகொள்ள. வராதவன் பெயர் வந்ததும் நிறுத்துவான். "அவன் மாட்டுக்கு யாராவது தீனி வெச்சீங்களா?" என்று கேட்பான். நான் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.